பூங்கா ஓரத்துப் பொதுக் குடியிருப்பு: கோபுரமா, தாழ்வாரக் கட்டடமா, ஐந்து மாடியா?

பூங்காவை ஒட்டி, குறைந்த வாடகையில் பொதுக் குடியிருப்பு கட்ட இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்துவிட்டால் எத்தனை வீட்டு ஜன்னலில் பூங்கா தெரியும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். ஒரு பிள்ளை யார் துணையும் இல்லாமல் இறங்கிப்போய் விளையாடிவிட்டு வர முடியுமா என்று நான் கேட்பேன். மூன்று வடிவங்களையும் அதை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் கோபுரம். குறைந்த நிலத்தில் நிறைய வீடுகள், மிச்ச நிலம் மரங்களுக்கு. காகிதத்தில் மறுக்க முடியாத வாதம். ஆனால் சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது 45 மீட்டர் கோபுரத்தின் நிழல் ஏறக்குறைய 78 மீட்டர் நீளும். அது தெருப்பக்கம் விழுந்தால் சரி. ஊஞ்சலும் பெஞ்சும் இருக்கும் பக்கம் விழுந்தால், ஊருக்கே சொந்தமான வெயிலை நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் லிஃப்ட். அது நின்றுபோன நாளில் பன்னிரண்டாவது மாடிக்குப் பூங்கா வெறும் படம்தான்.

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் 1950-களில் கட்டிய ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பில் 11 மாடி உயரத்தில் 33 கட்டடங்கள். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. நடுவில் உள்ள மாடிக்காரர்கள் படியேறித்தான் போக வேண்டும். 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள். உயரம்தான் அதைக் கெடுத்தது என்று சொல்வது அநியாயம். பராமரிப்புச் செலவு வாடகையை நம்பி இருந்தது. ஆட்கள் குறையக் குறையப் பணமும் குறைந்தது, பழுதுகள் அப்படியே நின்றன. ஆனாலும் பராமரிப்புக் கொஞ்சம் தவறினாலே முதலில் தள்ளாடுவது உயரக் கட்டடம்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஏற்கெனவே நிற்கும் உயரக் கட்டடம் என்றால் கதை வேறு. பிரான்ஸின் போர்தோ நகரில், கிராண்ட் பார்க் பகுதியில் 530 வீடுகளை இடிக்காமல், குடியிருந்தவர்களையும் கிளப்பாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கம் கண்ணாடி அடைப்புள்ள அகலமான கூடத்தைச் சேர்த்தார்கள். அந்தக் கூடம் 3.8 மீட்டர் வரை ஆழம். நாற்காலி, செடி, துணிக்கொடி எல்லாம் அடங்கும். புதிதாகக் கட்டுபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு: பால்கனி 1.5 மீட்டராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் அதில் யாரும் உட்கார மாட்டார்கள், பொருள்தான் அடுக்குவார்கள்.

இரண்டாவது, நீளமான தாழ்வாரக் கட்டடம். ஒரே வரிசை வீடுகள், வெளியே பொது நடைபாதை. லிஃப்டுகள் குறைவு, ஒவ்வொரு வீட்டுக்கும் இரு பக்கமும் காற்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1961-இல் திறந்த பார்க் ஹில் குடியிருப்பில், பால் வண்டியே ஓடும் அளவுக்கு அகலமான தாழ்வாரங்கள் வைத்தார்கள். அந்த அகலம் இல்லாவிட்டால், வழியில் போகிறவர் தோள் சமையலறை ஜன்னலை உரசும். திரைச்சீலை நாள் முழுக்க மூடியே கிடக்கும். இன்னொரு குறை, நீளக் கட்டடம் பின்னால் இருக்கும் தெருக்களுக்குப் பூங்காவை மறைக்கும் மதிலாகிவிடும். வியன்னாவில் 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஆனால் அடியில் பெரிய வளைவுகள் விட்டு ஊர்மக்கள் நடந்து போக வழி வைத்தார்கள். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டினார்கள்.

என் தேர்வு மூன்றாவது: நான்கைந்து மாடி, ஒவ்வொரு மாடிப்படிக்கும் தளத்துக்கு இரண்டு வீடுகள், தெருவிலிருந்து பூங்கா வரை ஊடுருவிய வீடுகள். ஐந்தாவது மாடி வரை கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிட்டால் குரல் கேட்கும், முகமும் தெரியும். ஒரு படிக்குப் பத்துக் குடும்பம் என்றால் யார் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். குறையும் பெரியதுதான்: பத்து வீட்டுக்கு ஒரு லிஃப்ட் என்றால் அதன் பராமரிப்புச் செலவு கனமாக விழும். அதைக் குடியிருப்பவர்கள் தலையில் கட்டாமல், தொடக்கத்திலேயே நிர்வாகம் ஏற்க வேண்டும்.

எந்த வடிவம் என்றாலும் வேரைக் காப்பது பொதுவான வேலை. பிரிட்டிஷ் தரவிதிப்படி, மரத்தைச் சுற்றி அடிமரக் குறுக்களவைப் போல 12 மடங்கு ஆரம் தோண்டாமல் விட வேண்டும். 60 செ.மீ. தடிமன் மரத்துக்கு 7.2 மீட்டர். பூங்காப் பக்கமாக நீட்டிய நிலத்தடி வாகன நிறுத்தம் அங்கேதான் மோதும். அதைத் தெருப்பக்கம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தரைத்தளத்தில் மாடிப்படிக் கூடத்துக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு, பூங்காப் பக்கம் ஒரு கதவு, இரண்டுக்கும் படி ஏறாமல் சக்கர நாற்காலி போகும் வழி. இரவில் பூங்காக் கதவை யார் பூட்டுவது என்பதையும் வரைபடம் போடும்போதே பேசி முடிக்க வேண்டும்.

தேவையான வீடுகள் ஐந்து மாடியில் அடங்கவில்லை என்றால், நிழல் தெருவில் விழும் மூலையை மட்டும் எட்டு மாடி ஆக்கலாம். அங்கே சிறிய வீடுகளை மேலே வைத்து, பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குக் கீழ்த்தளங்களை ஒதுக்கிவிடலாம்.