டைரியை விட்டு பேனா போனுக்கு: திரைமேல் எதை ஒட்டலாம்?

காப்புறுதி முகவர் வேலையில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதில் பெரும்பகுதி கறுப்பு அட்டை டைரியில்தான் ஓடியது. யாருக்கு எந்த மாதம் பிரீமியம், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, மெடிக்கல் கார்டு பற்றிப் பேசப் போனபோது "தீபாவளி முடியட்டும், அப்புறம் வாங்க" என்று சொன்னது யார், எல்லாம் அதற்குள். போன நவம்பரில் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பிளாட்டுக்குக் கீழே மோட்டாரை நிறுத்தும்போது நாலு மணி மழை பிடித்துக்கொண்டது. பையின் ஜிப்பை நான் சரியாக மூடவில்லை. மாடி ஏறித் திறந்து பார்த்தால் இரண்டு மாதத்துச் சந்திப்புகளும் நீலமாகக் கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அன்றைக்கு இரவே கையடக்கக் கருவிக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தேன். எதற்கு மாறுவது என்பதைக் கூட சீக்கிரம் தீர்த்துவிட்டேன், மாறியபிறகு அந்தத் திரையை எப்படிக் காப்பது என்பதில்தான் நாள் போனது, போன், கணினி கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கு நாலு தடவை போய் வந்தேன். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கையடக்கக் கருவி எனக்குப் புதிதில்லை. 2003, 2004 வாக்கில் பாம் (Palm) என்ற குறிப்பேட்டுக் கருவி மாதிரியானவை எங்கள் அலுவலகத்தில் நாலைந்து பேர் கையில் இருந்தன, நானும் அந்த வகையில் ஒன்று வைத்திருந்தேன். திரைக்கு அடியில் ஒரு கட்டம் இருக்கும், அதில் கிராஃபிட்டி என்ற முறையில் குச்சியால் எழுத்து எழுத்தாகக் கீற வேண்டும். ஆங்கில ஏ எழுத்துக்கு நடுக்கோடு கிடையாது, கூரை மாதிரி ஒரே இழுப்பு. அந்தக் காலத்துத் திரையின் மேல்பரப்பு மெல்லிய பிளாஸ்டிக். அதற்கும் கீழே இருக்கும் கண்ணாடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி, குச்சி அழுத்தி இரண்டும் தொட்டுக்கொண்டால்தான் எங்கே எழுதுகிறோம் என்று கருவிக்குத் தெரியும். தடித்த எதையும் மேலே ஒட்டினால் அழுத்தம் உள்ளே போகாது. கீறல் விழுவதும் எப்போதும் அந்தக் கட்டத்தில்தான், என்னுடையதில் சட்டைப் பை மணலும் என் கை அழுத்தமும் சேர்ந்து ஆறே மாதத்தில் அந்த இடம் வெளுத்துப்போனது. அப்போது சிலர் பளபளப்பு இல்லாத ஸ்காட்ச் டேப்பை அளவாக வெட்டி அந்தக் கட்டத்தின்மேல் ஒட்டுவார்கள். நானும் ஒட்டினேன், குச்சி வழுக்குவது நின்று எழுத்து தெளிவாக விழுந்தது. திரைமேல் எதை ஒட்டுகிறோமோ அதன்மேல்தான் எழுதப்போகிறோம் என்பது எனக்கு அந்த டேப் துண்டில்தான் புரிந்தது, இன்றைக்கும் கடைக்காரரிடம் நான் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

சரி, இப்போது என்னென்ன போட்டியில் இருந்தன? காகிதம் போலத் தெரியும் மின்மைத் திரை (இ-இங்க்) நோட்டுகள், ஐபேட் மினி, பேனா உள்ளேயே இருக்கும் சாம்சங்கின் கேலக்ஸி அல்ட்ரா வகை போன்.

மின்மைத் திரையில் 7.8 அங்குல சூப்பர்நோட் நோமட்டை ஒரு நண்பரிடம் இரண்டு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். எழுதுவதற்கு அதுபோல் ஒன்று இல்லை. நடுப்பகல் வெயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் நின்று பார்த்தாலும் காகிதம் மாதிரியே தெரிகிறது, சார்ஜ் நாட்கணக்கில் நிற்கிறது, திரைமேலேயே மிருதுவான எழுதும் படலம் வைத்துத் தயாரிக்கிறார்கள் என்பதால் தனியாக எதுவும் ஒட்டத் தேவையில்லை. ஆனால் அதற்குச் சொந்த விளக்கு கிடையாது. பழைய பிளாட்டுகளில் ஆறரை மணிக்கு மேல் படிக்கட்டில் நின்று கதவு எண்ணைத் தேடுகிறவனுக்கு அது பெரிய குறை. வாட்ஸ்அப்புக்கும் அழைப்புக்கும் இன்னொரு போனும் கூடவே வேண்டும். உட்கார்ந்த இடத்தில் நிறைய எழுதுகிறவர்கள், ஆசிரியர்கள், கூட்டக் குறிப்பு எடுக்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஐபேட் மினி நல்ல பொருள்தான், ஆனால் 8.3 அங்குலம் சட்டைப் பைக்குள் போகாது, அதன் பென்சில் பக்கவாட்டில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் மோட்டார் ஓட்டுகிறவனுக்கு அதுவே தனிக் கவலை.

கேலக்ஸியில் பேனா போனுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2011-ல் முதல் கேலக்ஸி நோட் போன் வந்ததிலிருந்து அந்த வரிசை 2020 வரை ஓடியது, 2022-ல் எஸ்22 அல்ட்ராவுக்குள் பேனா குடிபெயர்ந்தது. திரை அணைந்திருக்கும்போதே பேனாவை உருவினால் கறுப்புத் திரையில் உடனே எழுதலாம், கடவுச்சொல் போட வேண்டாம், எந்த ஆப்பையும் தேட வேண்டாம். வாசலில் நின்றபடி ஒருவர் சொல்லும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணைக் குறித்துக்கொள்ள வேறு எதுவும் இதற்கு ஈடில்லை. எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரியும் தேவையில்லை, திரைக்கு அடியில் இருக்கும் ஒரு தகடு காந்தப்புலத்தை அனுப்பி, பேனா முனை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று படித்துக்கொள்கிறது. நான் வாங்கியது 2024-ல் வந்த எஸ்24 அல்ட்ரா, கைமாறியது. அதையே எடுத்ததற்குத் தட்டையான திரை முக்கியக் காரணம். எஸ்22, எஸ்23 அல்ட்ராக்களின் ஓரம் வளைந்திருக்கும், அங்கே எதை ஒட்டினாலும் தொல்லை.

இனி திரைக்கு வருவோம். முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாவி, சில்லறைக் காசு என்று பலர் பயப்படுகிறார்கள், ஆனால் அவற்றின் உலோகம் பெரும்பாலும் கண்ணாடியைவிட மென்மையானது. மணல்தான் எதிரி. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் தாதுவின் கடினம், வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் அளவில் 7, போன் கண்ணாடிகள் பொதுவாக 6-லேயே இலேசாகக் கீற ஆரம்பித்து 7-ல் ஆழமாகக் கீறுகின்றன. என் முந்தைய போனில் இருந்த ஒரே கீறல் மோரிப் கடற்கரைக்குப் போய்வந்த மறுநாள் வந்தது, காற்சட்டைப் பையில் தங்கிய நாலைந்து துகள்கள் போதும். அப்புறம் அந்த "9ஹெச்". கடையில் தொங்கும் டெம்பர்ட் கிளாஸ் (திரைமேல் ஒட்டும் கெட்டிக் கண்ணாடி) அட்டைகளில் பாதிக்கு மேல் இது அச்சிட்டிருக்கும், வைரத்துக்கு அடுத்தது என்று நினைத்து வாங்குகிறார்கள். அது பென்சில் அளவு. 9ஹெச் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்பதுதான் அதன் பொருள், சாதாரணக் கண்ணாடியே அந்தச் சோதனையில் தேறிவிடும். அந்த எண்ணைப் பார்த்து ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ஒட்டாமலேயே விட்டால் என்ன? எஸ்24 அல்ட்ராவில் இருக்கும் கொரில்லா ஆர்மர் கண்ணாடி பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்று அதைத் தயாரிக்கும் கார்னிங் சொல்கிறது, கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. வெயிலில் என் முகம் திரையில் தெரியவில்லை, எழுத்து மட்டும் தெரிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு வாரம் வெறும் திரையோடு இருந்தேன். பேனா எடுக்காதவனாக இருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

டெம்பர்ட் கிளாஸ் பற்றி லோயாட்டில் ஒரு தம்பியோடு பேசிய பேச்சு நினைவிருக்கிறது.

"அங்கிள், கிளாஸ் போடுங்க, கீழே விழுந்தா இதுதான் உடையும், போன் தப்பிச்சுக்கும்."

"பேனா எப்படி ஓடும் தம்பி?"

"ஓடும் அங்கிள், ரொம்ப ஸ்மூத்தா ஓடும்."

அவர் சொன்னது முழுக்க உண்மை, அந்த ஸ்மூத்தான் எனக்குச் சிக்கலும். விழும்போது அடியை வாங்கிக்கொள்வதில் கிளாஸை மிஞ்ச ஆளில்லை. பேனாவின் காந்தப்புலமும் அதைத் தாண்டி வந்துவிடுகிறது, ஆகவே எழுத்து விழாமல் போகாது. ஆனால் 0.33 மில்லிமீட்டர் அளவிலான ஒரு அடுக்கு நடுவே வந்து உட்காரும்போது, முனை ஓரிடத்திலும் கோடு கொஞ்சம் அடியிலும் தெரிகிறது. பொடி எழுத்து எழுதுகிறவர்களுக்கு அது உறுத்தும். பிரதிபலிப்பைக் குறைக்கும் அந்த நல்ல கண்ணாடியின்மேல் சாதாரணக் கண்ணாடியை ஒட்டினால் பழைய பளபளப்பு திரும்ப வந்துவிடுகிறது. கைரேகையும் ஒரு பிரச்சினை. இந்தப் போன்கள் ஒலி அலையால் ரேகையைப் படிக்கின்றன, நடுவில் காற்று சிக்கினால் தடுமாறும். 2019-ல் எஸ்10 போனில் சில சிலிக்கான் உறைகளைத் திரைமேல் போட்டால் பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துகொண்ட சம்பவம் வெளியாகி, சாம்சங் அதற்கு மென்பொருள் திருத்தம் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரம் வைத்திருக்கிறவர்கள் எதை ஒட்டினாலும் பழைய ரேகைகளை அழித்துவிட்டு, ஒட்டியபிறகு புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள், அப்புறம் பதிவு செய்யாத விரலையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். கிளாஸ் போட்டு விரல்தொடுதல் மந்தமாக இருந்தால் அமைப்புகளில் டிஸ்பிளே பகுதியில் தொடு உணர்திறனைக் கூட்டும் பொத்தான் இருக்கிறது.

வளைந்த திரைக்காரர்களுக்குத் திரவப் பசை ஊற்றி, புற ஊதா விளக்கில் காயவைக்கும் யு.வி. கிளாஸ் ஒன்று உண்டு. நன்றாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் பசை ஸ்பீக்கர் துளைக்குள்ளும் பொத்தான் இடுக்குக்குள்ளும் கசிந்தால் திரும்ப எடுக்க வழியில்லை. நான் போடமாட்டேன்.

அடுத்தது ஹைட்ரோஜெல் என்று விற்கும் டி.பி.யு. படலம், ரப்பர் மாதிரி மென்மையான பிளாஸ்டிக். கடையிலேயே இயந்திரத்தில் உங்கள் போன் அளவுக்கு வெட்டித் தருகிறார்கள், வளைவுக்கும் ஒத்துப்போகும், ரேகை பிசகாது, சின்ன நகக்குறிகள் ஓரிரு நாளில் தானே மறைகின்றன. பேனாதான் இதற்கு ஆகவில்லை. என்னைப் போல் அழுத்தி எழுதுகிறவன் கையில் முனை அதைச் சேற்றில் ஏர் ஓட்டுவது போல உழுகிறது, இழுப்பும் அதிகம். விரலால் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இது போதும்.

கடைசியாக மேட் பி.இ.டி. படலம், பளபளப்பு இல்லாத மெல்லிய பிளாஸ்டிக். இதற்குக் குறைகள் நிறைய. வெள்ளைப் பின்னணியில் பொடிப் பொடியாக வண்ணப் புள்ளிகள் மினுங்கும், படங்கள் மங்கும், விழுந்தால் காப்பாற்றாது, பேனா முனையும் சீக்கிரம் தேயும். முனை மட்டும் தனியாகக் கிடைக்கிறது, சின்ன இடுக்கியால் பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம். இத்தனை குறையோடும் நான் இதில்தான் நிற்கிறேன், அதற்குக் காரணம் செந்தூலில் இருக்கும் ஒரு பாட்டி.

எங்கள் வேலையில் இப்போது கையெழுத்தெல்லாம் திரையில்தான். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, தமிழில்தான் கையெழுத்துப் போடுவார், முதல் எழுத்து ல. டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருந்த வாரத்தில் அவரிடம் போனேன். பேனாவை அகப்பைக் காம்பு மாதிரி இறுக்கிப் பிடித்து, சுழியை ஆரம்பித்தார். முனை வழுக்கி, சுழி மூடாமல் வால் கோடாக ஓடிப் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. அழித்தோம். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை கையை எடுத்துக்கொண்டு, "கை நடுங்குது தம்பி, என் பேத்தி வந்து போடட்டுமா?" என்றார். பாலிசி அவருடையது, கையெழுத்தும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். "வேண்டாம் பாட்டி, அவசரமில்லை, அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலையே கிளாஸை உரித்துவிட்டு மேட் படலம் வாங்கினேன். அடுத்த வாரம் அதே பேனா, அதே பிடி. இலேசாகச் சரசரவென்று சத்தம் வந்தது, முனை காகிதத்தில் போல் பிடித்து நின்றது, சுழி மூடியது, கடைசி எழுத்தின் புள்ளி வரை பெட்டிக்குள்ளேயே முடிந்தது. அவர் திரையை இலேசாகச் சாய்த்து, தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஓரம் திரையைவிட உயர்ந்து நிற்கும் கெட்டியான உறை போட்டிருக்கிறேன், முகம் குப்புற விழுந்தாலும் தட்டையான தரையில் திரை படாது. கற்கள் கிடக்கும் இடத்தில் விழுந்தால் அது உதவாது, அதனால் கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர்கள் பேனாவை மறந்துவிட்டுக் கிளாஸே போடுங்கள்.

வீட்டிலேயே ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று. கூடத்தில் ஒட்டாதீர்கள், நம் வீட்டுக் கூரைக் காற்றாடி போதும், எவ்வளவு துடைத்தாலும் தூசி இறங்கிக்கொண்டே இருக்கும். குளியலறையில் வெந்நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காற்றில் இருக்கும் தூசி படிந்தபிறகு, கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே ஒட்டுங்கள். ஓரமாகத் தொடங்கி, வங்கி அட்டையில் துணியைச் சுற்றி மெதுவாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரு துகள் மாட்டினால் படலத்தின் அந்த மூலையை டேப்பால் தூக்கி, இன்னொரு டேப்பால் துகளை ஒத்தி எடுத்துவிடலாம்.

இப்போது என் போனில் இருப்பது மூன்றாவது படலம். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் போகிறது, ஒன்று பத்து வெள்ளி. தேய்வது எப்போதும் கையெழுத்துப் பெட்டி வரும் கீழ்ப்பகுதிதான், மற்ற இடமெல்லாம் மங்கலாகவே இருக்க அங்கே மட்டும் நீள்சதுரமாகப் பளபளத்துவிடுகிறது, பழைய கருவியில் டேப் ஒட்டிய கட்டம் இருந்த அதே இடம். பளபளப்பு தெரிந்ததும் உரித்துவிடுகிறேன், அடியில் கண்ணாடி புதிதாகவே இருக்கிறது.