ராணுவத் தளத்து மழைநீர்: ஒரே அனுமதியா, தனித்தனியா, கூரையா?

அமெரிக்காவில் ஒரு பெரிய ராணுவத் தளத்தின் வேலிக்குள்ளே என்னென்ன இருக்கும் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். விமான ஓடுதளம், வரிசை வரிசையாக வண்டிகள் நிற்கும் மோட்டார் பூல், எரிபொருள் டாங்குகள், அபாயக் கழிவுக் கிடங்கு, பழைய இரும்பு யார்டு, எப்போதோ மூடிய குப்பைமேடு. இவற்றின் மேல் விழுந்து அழுக்கோடு வெளியே ஓடும் மழைநீருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஆனால் மழைநீர்ச் சட்டத்தில் ‘ராணுவத் தளம்’ என்று ஒரு தொழில் வகை கிடையாது. அங்கே நடக்கும் வேலையைப் பார்த்துத்தான் வகை பிரிப்பார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது ஈபிஏ, தரும் பல்துறைப் பொது அனுமதியில் வண்டிப் பராமரிப்பு ‘பி’ (P) பிரிவு, விமானத் தளம் ‘எஸ்’, குப்பைமேடு ‘எல்’, பழைய இரும்பு ‘என்’, அபாயக் கழிவு ‘கே’.

இத்தனையையும் ஒரே விண்ணப்பத்தில் போடுவதா, பிரிவு பிரிவாகப் போடுவதா, முடிந்தவரை கூரை போட்டு அனுமதியே வேண்டாம் என்று சான்று வாங்கிவிடுவதா? சுற்றுச்சூழல் அலுவலகத்தில் புதிதாக வந்து உட்காருபவர் முன்னால் நிற்கும் கேள்வி இதுதான். வழக்கமாக இதைச் செலவுக் கணக்காகப் பார்க்கிறார்கள். அந்தத் தளத்தில் யார் எத்தனை நாள் இருக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும் என்பது என் கருத்து.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூய நீர்ச் சட்டத்தில் 1987இல் மழைநீரைச் சேர்த்தார்கள். தொழிற்சாலைகளுக்கான விதி 1990இல் வந்தது. 313ஆம் பிரிவுப்படி கூட்டரசின், அதாவது மத்திய அரசின், தளங்களும் மற்றவர்களைப் போலவே கட்டுப்பட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி தருவது மாநில அரசு. டெக்சாஸில் உள்ள தளம் மாநில முகமையிடம் போகும். வாஷிங்டன், கொலராடோ, டெலவேர், வெர்மான்ட் ஆகிய 4 மாநிலங்களில் மட்டும், மற்றவர்களுக்கு மாநிலமே அனுமதி தந்தாலும், கூட்டரசுத் தளங்களை ஈபிஏ தன் கையிலேயே வைத்திருக்கிறது. வாஷிங்டனில் உள்ள லூயிஸ்-மெக்கார்ட் தளமும் கொலராடோவில் உள்ள ஃபோர்ட் கார்சனும் அந்தக் கணக்கில் வரும். கீழே சொல்வதெல்லாம் ஈபிஏயின் 2021ஆம் ஆண்டுப் பொது அனுமதியை வைத்துத்தான்.

முதலில் கூரை. பார்க்க இதுதான் மலிவு. மூலப்பொருள், இயந்திரம், கழிவு எதுவும் மழையில் நனையவில்லை என்று உறுதிமொழி கொடுத்தால் தொழில்துறை அனுமதியே தேவையில்லை. மாதிரி எடுக்க வேண்டாம், காலாண்டு ஆய்வு வேண்டாம்; 5 ஆண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பித்தால் போதும். இறுக்கமாக மூடிய, கசியாத, குழாய் வைக்காத டிரம்மை வெளியே வைக்கக்கூட இடம் கொடுக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இந்தச் சான்றை வளாகம் முழுமைக்கும்தான் தருவார்கள். இந்த ஒரு வடிகாலுக்கு மட்டும் என்று பிய்த்து வாங்க முடியாது. ஆக, தளம் முழுவதும் ஒரே வளாகம் என்று ஒரே விண்ணப்பம் போட்டவருக்குக் கூரை வழி அங்கேயே அடைபட்டுவிடும். ஓடுதளத்துக்கு யார் கூரை போடுவது? தனித்தனி வளாகங்களாகப் பிரித்தவருக்குத்தான் இந்தக் கதவு திறக்கும். மூன்று வழிகளையும் தனித்தனியே எடைபோட முடியாமல் போவது இதனால்தான்.

அப்படியே சான்று கிடைத்தாலும் அது எவ்வளவு நாள் நிற்கும்? பயிற்சி முடிந்து ஒரு படைப்பிரிவு திரும்பி வருகிறது. கழற்றிய என்ஜினை இன்று இரவு கொட்டகைக்கு வெளியே வைத்துவிட்டு நாளை பார்க்கலாம் என்று போய்விடுகிறார்கள். இரவில் மழை. அனுமதி உள்ள யார்டில் இது ஒரு குறை. சரிசெய்து, எழுதி வைக்க வேண்டும். சான்று மட்டும் வைத்திருக்கும் கட்டடத்தில் அதே எண்ணெய்த் தண்ணீர் அனுமதியில்லாத வெளியேற்றம், அதாவது நேரடிச் சட்டமீறல். ஒரே என்ஜின், ஒரே மழை, விளைவு மட்டும் வேறு.

கூட்டரசுக்கு அபராதம் இல்லையே என்று சிலர் தைரியமாகச் சொல்வார்கள். 1992இல் எரிசக்தித் துறைக்கும் ஒஹாயோ மாநிலத்துக்கும் நடந்த வழக்கில், நடந்துபோன மீறலுக்காக இந்தச் சட்டத்தின் கீழ் கூட்டரசு முகமையிடம் தண்டனை அபராதம் வசூலிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் இதைச் செய், இதற்குள் முடி என்ற நீதிமன்ற உத்தரவுக்கு அந்தத் தீர்ப்பு தடையில்லை. பணம் கட்டுவதைவிட அதுதான் தளத்தின் வேலையைப் புரட்டிப் போடும்.

ஆகவே கூரைச் சான்றை ஆளும் வேலையும் மாறாத இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முழுக்க உள்ளேயே நடக்கும் பட்டறைக்குச் சரி. மோட்டார் பூலுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு சின்ன எச்சரிக்கை: புதுக் கூரைக்கு கால்வனைஸ்டு தகடு போட்டால் அதிலிருந்தே துத்தநாகம் வடியும்.

தனித்தனி அனுமதி காகிதத்தில் அழகாக இருக்கும். யார் வேலையை நடத்துகிறாரோ அவரே கையெழுத்து, அவரே பொறுப்பு. நடைமுறையில் ராணுவ அதிகாரி ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிவிடுவார். அனுமதிக்காக எழுதிய மாசுத் தடுப்புத் திட்டத்தின் கோப்பு மேசையில் இருக்கும், அதை எழுதியவர் வேறு கண்டத்தில் இருப்பார். காலாண்டு ஆய்வு, வடியும் மழைநீரைக் கண்ணால் பார்த்துச் செய்யும் காலாண்டுச் சோதனை எல்லாம் ஒவ்வொரு அனுமதிக்கும் தனித்தனியே வேண்டும். கண்ணால் பார்க்கும் சோதனை லேசானதாகத் தோன்றும். நிறம், நாற்றம், நுரை, எண்ணெய்ப் படலம் பார்ப்பதுதானே! ஆனால் தண்ணீர் ஓடத் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டும். முந்தைய மழை முடிந்து 72 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வாகனத்தையும் ஆயுதத்தையும் கவனிக்கிற பிரிவில் இதற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்?

ஒரே அனுமதியில் இந்த வேலை ஒரு நிரந்தரக் குழுவிடம் போகிறது, அதுதான் அதன் பெரிய பலம். பெரும்பாலும் சிவில் ஊழியர்கள், பல வருடம் அங்கேயே இருப்பவர்கள். எந்த வடிகால் எங்கே போய் எதோடு சேர்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி தரை உள்ள வடிகால்களில் ஒன்றை மட்டும் மாதிரி எடுத்து மற்றவற்றுக்கும் காட்டலாம் என்ற சலுகையும் இங்கேதான் முழுசாகப் பயன்படும்.

அதற்கு விலை உண்டு. மாதிரி எடுத்த வடிகாலில் மாசு அனுமதியின் அளவுகோலை மீறினால், அது யாருக்காக நின்றதோ அந்த வடிகால்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திருத்தம் செய்ய வேண்டும். அளவு மீறியது மட்டும் சட்டமீறல் ஆகாது, திருத்தாமல் விடுவதுதான் மீறல். 2021 அனுமதியில் அந்தத் திருத்தம் 3 படிகளாக ஏறும். கடைசிப் படியில் நிரந்தரக் கட்டுமானமே போடச் சொல்வார்கள். அப்புறம், கலப்பு. வண்டி யார்டுக்குத் தனி அளவுகோல் எதுவும் கிடையாது. பழைய இரும்பு யார்டுக்குத் தாமிரம், ஈயம், துத்தநாகம், அலுமினியம் என்று நீளமாக உண்டு. இரண்டும் ஒரே குழாயில் கலந்து வெளியேறினால் யார் விட்டது என்று பிரித்துக் காட்டுவது பெரிய தலைவலி. ஒரே அனுமதி போடுவதென்றால் முதல் செலவு வடிகால் வரைபடத்துக்குத்தான் போக வேண்டும். எண்ணெய்-நீர் பிரிப்பான் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம். அந்தத் தொட்டி கரைந்த உலோகத்தைத் தொடவே தொடாது. சோப்புத் தண்ணீர் போனால் எண்ணெயையும் ஒழுங்காகப் பிரிக்காது.

நான்காவதாகத் தனிப்பட்ட அனுமதி ஒன்றும் இருக்கிறது. அந்த ஒரு இடத்துக்காகவே எழுதுவது, பொதுமக்கள் கருத்துக் கேட்டு வருவது, காலம் பிடிக்கும். பிரெமர்ட்டனில் உள்ள பியூஜெட் சவுண்ட் கடற்படைக் கப்பல் தளம் போல கப்பலைப் பழுதுபார்க்கும் உலர் துறைகளிலிருந்தும் நீர் வெளியேறும் இடங்களுக்கு அதுதான் வழி. மற்றவர்கள் விரும்பிப் போக வேண்டியதில்லை.

என் தேர்வு இதுதான்: மோட்டார் பூல், எரிபொருள், கழிவுக் கிடங்கு எல்லாம் தளத்தின் பெயரில் ஒரே அனுமதி, மாறாத சில கட்டடங்களைத் தனி வளாகமாகப் பிரித்துக் காட்ட முடிந்தால் அவற்றுக்குக் கூரைச் சான்று, தனி நிர்வாகமும் தனி வடிகாலும் வைத்துத் தளத்தில் இடம் எடுத்திருக்கும் அமைப்புக்கு, உதாரணமாகத் தளத்துக்குள் இயங்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கு, அதன் பெயரிலேயே அனுமதி. ஓடுதளத்தில் மட்டும் இருதரப்பும் சேர்ந்து ஒரே திட்டம் எழுதலாம், எஸ் பிரிவே அதை ஊக்குவிக்கிறது.

அந்த ஒப்பந்த நிறுவனத்தோடு போடும் இட ஒப்பந்தத்தில் ஒரு வரி மறக்காமல் சேருங்கள்: காலி செய்யும்போது யார்டைச் சுத்தம் செய்து, அனுமதியை முடிக்கும் அறிவிப்பை 30 நாளுக்குள் அனுப்பி, அதன் நகலைத் தளத்தின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் கொடுத்த பிறகே சாவியை வாங்க வேண்டும்.