லோகோ செய்யக் கொடுப்பவர்கள் கவனம்: ‘ஃபைல் எந்தக் கடையிலும் ஓப்பன் ஆகும்’ என்று சொல்லி 14,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

சென்னையில் யாராவது கடைக்கு லோகோ செய்யக் கொடுப்பதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்களுக்கு 14,500 ரூபாய் போய்விட்டது. என் தங்கை நங்கநல்லூரில் திறக்கப்போகும் தையல் கடைக்காக, சீட்டு எடுத்த பணத்திலிருந்து கொடுத்தது அது. ராயப்பேட்டைப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு டிசைன் ஸ்டூடியோ. பெயரைப் போட்டால் அதற்கு வேறு சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எங்களை நம்ப வைத்த விதத்தைச் சொல்கிறேன். டிசைன் முடிந்த அன்று ஸ்டூடியோக்காரர் எங்களை மானிட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஊசியில் கோத்த நூல் அப்படியே வளைந்து கடைப் பெயராக மாறும் லோகோ. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மவுஸை உருட்டிப் பெரிதாக்கிக்கொண்டே போனார். நூலின் நுனி திரை முழுக்க வந்தும் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தது. “பாத்தீங்களா சார், இதுதான் வெக்டர். விசிட்டிங் கார்டுக்கும் இதே ஃபைல், பத்தடி போர்டுக்கும் இதே ஃபைல். ஏஐ, சிடிஆர், இபிஎஸ், எஸ்விஜி, பிடிஎஃப் அஞ்சும் தர்றோம். எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் ஓப்பன் ஆகும்” என்றார். வெக்டர் என்றால் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே இருக்கும் படம், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அவர் சொன்ன அஞ்சும் ஃபைல் வகைகள். தங்கையிடம், “நம்ம வீட்டுக் கடைன்னு நெனச்சு பண்ணிருக்கேம்மா” என்று வேறு சொன்னார். அவள் அங்கேயே மொத்தத்தையும் ஜிபே செய்துவிட்டாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் அக்ரிலிக் எழுத்து வெட்டும் கடைக்கு பென்டிரைவை எடுத்துப் போனோம். ஏஐ ஃபைலை (இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரின் ஃபைல்) திறந்த தம்பி, “அண்ணா, இதுல கோடே இல்ல, உள்ள ஒரு போட்டோவ வெச்சு சேவ் பண்ணிருக்காங்க” என்றார். லேசர் மெஷினுக்குக் கோடு வேண்டும், கோட்டின் மேல்தான் அது ஓடும். இபிஎஸ், பிடிஎஃப் இரண்டிலும் அதே போட்டோ. எஸ்விஜி என்பது உண்மையில் எழுத்து ஃபைல்தான், நோட்பேடிலேயே திறக்கும். திறந்தால் வளைவுகளின் அளவுகள் இருக்க வேண்டிய இடத்தில், படத்தைத் திணித்த எழுத்துக் குவியல் பக்கம் பக்கமாகப் போகிறது. எங்களுக்குக் காட்டியது ஒன்று, கையில் கொடுத்தது வேறு.

மிச்சம் இருந்த சிடிஆர், அதாவது கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரின் ஃபைல், திறக்கவே இல்லை. அந்தக் கடையில் இருப்பது 2014இல் வந்த கோரல்டிரா எக்ஸ்7. புது வெர்ஷனில் சேவ் செய்ததைப் பழையது திறக்காது. ஊரில் பாதி ஸ்டிக்கர் கடைகள் பழைய கோரலில்தான் ஓடுகின்றன, இது ஸ்டூடியோக்காரருக்குத் தெரியாதா? சேவ் செய்யும்போது வெர்ஷனைக் குறைத்துக் கொடுக்க அதே கட்டத்தில் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

போன் செய்தால், “உங்க போர்டு கடைக்காரர சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணச் சொல்லுங்க சார்.” அடுத்து, “டிசைன் பண்ண பையன் லீவு.” அதற்கப்புறம், “ஓனர் ஊர்ல இல்ல.” கெஞ்சிக் கூத்தாடியதில் வெர்ஷன் குறைத்து ஒரு சிடிஆர் வந்தது. திறந்தது, சரி. ஆனால் கடைப் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிடந்தது. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்துவிட்டு கர்வாக, அதாவது எழுத்தை வரைந்த கோடாக, மாற்றாமல் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் இப்படித்தான் வரும். கர்வ் பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு வந்த பதிலில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது: “ஓப்பன் ஃபைல் கேட்டா தனி சார்ஜ் சார், ஆறாயிரம்.”

ஓப்பன் ஃபைல் என்றால் நாமே திருத்திக்கொள்ளக்கூடிய ஃபைல். 14,500 வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் ஆறாயிரம்! அஞ்சு ஃபைலும் தருகிறோம் என்று சொன்ன வாய்தானே அது? இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடை திறப்புக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று. போர்டு கடைத் தம்பிதான் அந்தப் போட்டோவை அடியில் வைத்து ராத்திரி உட்கார்ந்து கோடு கோடாக மேலே வரைந்துகொண்டிருக்கிறார். தங்கை என்னிடம் சரியாகப் பேசக்கூட இல்லை, 14,500 அவளுக்கு எத்தனை ஜாக்கெட் தைத்த கூலி என்று அவளுக்குத்தான் தெரியும்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முழுப் பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். அவர்கள் மானிட்டரில் பார்த்தது கணக்கில்லை, கொடுத்த ஃபைலை போர்டு வெட்டும் கடையில் திறந்து, வயர்ஃப்ரேமில் (கலர் இல்லாமல் கோடு மட்டும் காட்டும் பார்வை) கோடு தெரிகிறதா என்று பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். எழுத்தெல்லாம் கர்வ், சிடிஆர் எந்த வெர்ஷன், இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான் கொட்டேஷனையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.