இரண்டு பேர் சுமக்கும் பல்லக்கு

காரட் எஞ்சின் பார்க்கப் போகிறோம் என்றதும் அப்பா, "சாம்பாரில் போடுவதா, பத்தர் நிறுப்பதா?" என்று கேட்டார். ஹெர்பர்ட் வில்லியம் காரட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1907-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த நீராவி எஞ்சின் என்று விளக்கிச் சொன்னேன். அவர் மசியவில்லை. விழுப்புரம் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, மீட்டர்கேஜில் பல வருடம் கரி அள்ளிப் போட்ட மனிதர். இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஓடும் எதுவும் அவருக்குப் பொருட்காட்சி ரயில்தான்.

நான் மான்செஸ்டரில் பம்புகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அப்பா என்னைப் பார்க்க வந்திருந்த மாதத்தில், வடக்கு வேல்ஸில் உள்ள போர்த்மாடாக்கிலிருந்து கேர்நார்வன் வரை 40 கிலோமீட்டர் போகும் வெல்ஷ் ஹைலேண்ட் ரயிலுக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். மலை, ஆறு, பள்ளத்தாக்கு பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது வண்டியை இழுத்த எஞ்சினைப் பற்றி. என்ஜிஜி 16 என்ற வகை. அன்றைக்கு எங்களுக்கு வாய்த்தது 143-ஆம் எண். மான்செஸ்டரில் கோர்ட்டன் பகுதியில் இருந்த பேயர் பீகாக் தொழிற்சாலை 1958-ல் கட்டியது. அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கடைசி காரட் இதுதான். நான் தினமும் வேலைக்குப் போகும் ஊரில் பிறந்த எஞ்சினைப் பார்க்க மூன்று மலை தாண்டிப் போக வேண்டியிருந்தது.

பிளாட்பாரத்தில் மற்றவர்கள் எஞ்சினின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குனிந்து அடியைப் பார்த்தார். முன்னால் ஒரு தொகுதி: இரண்டு சிலிண்டர், ஆறு இயங்கு சக்கரம், இரு நுனியிலும் தாங்கு சக்கரம், மேலே தண்ணீர்த் தொட்டி. பின்னால் அதே போல் இன்னொரு தொகுதி, அதன் மேல் கரி. இவை இரண்டுக்கும் நடுவே, அடியில் ஒரு சக்கரம்கூட இல்லாமல், பாய்லரும் டிரைவர் நிற்கும் அறையும் ஒரு சட்டத்தில் தொங்குகின்றன. அந்தச் சட்டத்தின் இரு நுனிகளும் முன் பின் தொகுதிகளின் மேல் குமிழ் அச்சில் உட்கார்ந்திருக்கின்றன. அப்பா இரண்டு முறை முன்னும் பின்னும் நடந்தார். பிறகு சொன்னார்: "இது பல்லக்கு, பாப்பா. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவில் ராணி அம்மாள்."

நான் படித்த விளக்கங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை.

ராணி அம்மாளுக்குக் கீழே சக்கரம் இல்லாததில்தான் இந்த எஞ்சினின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. சாதாரண எஞ்சினில் பாய்லர் சக்கரங்களுக்கு மேலே ஏறி உட்கார வேண்டும். கரி எரியும் ஃபயர்பாக்ஸ் சக்கரங்களுக்கும் சட்டத்துக்கும் இடையே கிடைத்த இடத்தில் ஒடுங்க வேண்டும். இரண்டடி கேஜில் அப்படி ஒடுக்கினால் என்ன ஆகும் என்று அப்பாவைக் கேட்டேன். "இட்லிக் குண்டான் அளவுக்குத்தான் நெருப்பு எரியும்" என்றார். காரட்டில் அந்தத் தொல்லையே இல்லை. கீழே இடம் காலி. ஃபயர்பாக்ஸை வேண்டிய அகலத்துக்கு விரிக்கலாம், வேண்டிய ஆழத்துக்கு இறக்கலாம். பாய்லரைக் குட்டையாகவும் பருமனாகவும் வைக்கலாம். இப்படிப்பட்ட பாய்லரில் நீராவி தாராளமாகப் பிறக்கும். 33 அங்குலச் சக்கரம், 12 அங்குல சிலிண்டர் நான்கு, சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு அழுத்தம். தண்டவாளத்தின் அகலம் இரண்டடி. எஞ்சினின் நீளம் 48 அடி, எடை 60 டன்னுக்கு மேல். அந்த எடை பல அச்சுகளுக்குப் பிரிந்துபோவதால் மெல்லிய தண்டவாளமும் தாங்குகிறது.

டிரைவரிடம் என் அப்பா யார் என்று சொன்னேன். அவர் உடனே ஃபயர்பாக்ஸ் கதவைத் திறந்து காட்டினார். அப்பா பிளாட்பாரத்தில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். பேசவில்லை. கதவு மூடிய பிறகு கையால் காற்றில் ஒரு கரண்டி வீச்சு காட்டி, "பின் மூலை இரண்டும் நிறைந்திருக்கின்றன. பையன் நன்றாகப் போட்டிருக்கிறான்" என்றார். அந்தப் 'பையனுக்கு' ஐம்பது வயதாவது இருக்கும்.

வண்டி கிளம்பியதும் ஊரின் நடுவே, பாலத்தில் கார்கள் காத்து நிற்க, தெருவோடு தெருவாகப் போகிறது. கொஞ்ச தூரத்தில் வழக்கமான பிரிட்டிஷ் ரயில் பாதையை அதே மட்டத்தில் குறுக்கே வெட்டிக் கடக்கிறது. சமவெளி முடிந்ததும் அபர்கிளாஸ்லின் கணவாய், சுரங்கங்கள், பெத்கெலர்ட். அதற்குப் பிறகுதான் எஞ்சினுக்கு வேலை. ரீட் தீ என்ற ஊரை நோக்கி 40-க்கு 1 ஏற்றம். மலைச்சரிவில் பாதை லாடம் போல வளைந்து வளைந்து ஏறுகிறது.

அந்த வளைவு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். ஜன்னலில் தலையைச் சாய்த்தால் எஞ்சின் முழுவதும் பக்கவாட்டில் தெரிந்தது. முதலில் முன் தொகுதி மட்டும் தண்ணீர்த் தொட்டியோடு சேர்ந்து திரும்பியது, மாடு தலையை மட்டும் திருப்புவது போல. பாய்லர் இன்னும் நேராகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு பாய்லர் மெதுவாக வளைவின் உட்பக்கம் சாய்ந்து நகர்ந்தது. கடைசியாகப் பின் தொகுதி. மூன்று துண்டும் மூன்று திசை பார்த்து நின்ற ஒரு கணம் இருந்தது. இரண்டு இடங்களில் முறிந்த கோடு மாதிரி. வளைவு முடிந்ததும் அதே வரிசையில் ஒவ்வொன்றாக நேராயின.

அப்பா செல்போனில் அமெரிக்காவின் 'பிக் பாய்' எஞ்சினைப் பல முறை பார்த்திருக்கிறார். 1941-லும் 1944-லும் மொத்தம் 25 கட்டினார்கள். அதற்கும் இரண்டு தொகுதிச் சக்கரங்கள்தான். அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிக் பாயில் பாய்லர் பின் தொகுதியோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். முன் தொகுதி மட்டும் கீழே தனியாக அசையும். எனவே வளைவில் பாய்லரின் மூக்கு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு போகும். காரட்டில் பாய்லர் இரு குமிழ் அச்சுகளுக்கு நடுவே நாண் கட்டியது போல் நிற்பதால் உட்பக்கம் ஒதுங்கும். சாய்ந்து விழும் பயம் குறைவு. இரண்டடிப் பாதையில் 60 டன்னை நம்பி ஓட்ட முடிவதற்கு இது ஒரு காரணம்.

சத்தம் தனிக் கதை. இரண்டு தொகுதியும் வெளிவிடும் நீராவி ஒரே புகைபோக்கி வழியாகத்தான் போகிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி எதுவும் இல்லை. சக்கரங்களின் தேய்மானத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தாளம் விலகும். ஏற்றத்தின் தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்து நான்கு கனத்த அடியாகக் கேட்டது. சிறிது நேரத்தில் ஒன்று பின்தங்கி, எட்டு பொடி அடியாகச் சிதறியது. பிறகு மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. கல்யாணத்தில் இரண்டு தவில்காரர்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் பிடிப்பது போல. அப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்து என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

குறை இல்லாத இயந்திரமா? இல்லை. அன்று தூறல். ஓர் இடத்தில் முன் தொகுதிச் சக்கரங்கள் படபடவென்று வழுக்கின, பின் தொகுதி பிடியை விடவில்லை. காரட்டில் இது பிறவிக் குணம். முன் சக்கரங்களின் மேல் இருக்கும் பாரத்தில் பெரும்பங்கு தண்ணீர். ஓட ஓடத் தண்ணீர் குறையும், பிடிமானமும் குறையும். வழுக்கும் தொகுதிக்கு மட்டும் நீராவியை அடைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்றை அடக்க இரண்டையும் அடக்க வேண்டும். குறும்பு செய்தவனோடு சேர்த்து பெஞ்சில் இருந்த மற்றவனுக்கும் அடி.

என் தொழிலில் நான் முதலில் பார்ப்பது இணைப்புகளைத்தான். நடுவில் தொங்கும் பாய்லரிலிருந்து அசையும் இரு தொகுதிகளுக்கும் அழுத்தமான நீராவி போக வேண்டும். குழாயும் வளைந்து கொடுக்க வேண்டும், கசியவும் கூடாது. காரட் இதைத் திரும்பும் அச்சுக்கு அருகிலேயே குமிழ் மூட்டு வைத்துச் சமாளிக்கிறது. அழகான தீர்வு. ஆனால் மூட்டு என்றால் பராமரிப்பு. சிலிண்டர் நான்கு, பிஸ்டன் நான்கு, தண்டுகள் இரட்டிப்பு. காலையில் எண்ணெய்க் குவளையோடு எஞ்சினைச் சுற்றுபவருக்கு இரண்டு எஞ்சினின் வேலை. அப்பா இதை ஒரு குறையாகவே ஏற்கவில்லை: "இரண்டு எஞ்சின் விட்டால் இரண்டு டிரைவர், இரண்டு ஃபயர்மேன். இங்கே ஒரு ஜோடிக்குச் சம்பளம்தானே?" முதலாளி பேசும் கணக்கு இது; முன்னாள் யூனியன்காரர் வாயிலிருந்து வந்தது.

இந்த வகையில் மொத்தம் 34 எஞ்சின்கள். முதல் நான்கை 1937-ல் பெல்ஜியத்தில் காக்கெரில் நிறுவனம் கட்டியது, அடுத்தவை மான்செஸ்டரில், கடைசி எட்டை 1967, 68-ல் தென்னாப்பிரிக்காவிலேயே கட்டினார்கள். அந்நாட்டு ரயில்வே டீசலுக்கு மாறத் தொடங்கிய பிறகும் புது நீராவி எஞ்சின் கேட்ட பாதைகள் அவை. எங்கள் 143-ஐ ஆர்டர் செய்தது தென்மேற்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய நமீபியா) சூமெப் சுரங்க நிறுவனம். ஆனால் அங்கே பாதையை அகலப்படுத்தும் முடிவு வரவே, தென்னாப்பிரிக்க ரயில்வே எடுத்துக்கொண்டு நேட்டால் பக்கம் ஓட்டியது. போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து ஹார்டிங் வரை, உம்சிண்டோவிலிருந்து டானிபுரூக் வரை, கரும்பும் மரமும் ஏற்றி மேட்டில் இழுத்த வண்டிகள். நேட்டால் கரும்புத் தோட்டம் என்றால் நமக்கு 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் கரும்புக் காட்டின் ஓரம் நின்று இதே தாளத்தைக் கேட்டிருக்கலாம். அப்பாவிடம் சொன்னபோது, "அப்படியானால் நமக்குத் தூரத்து உறவு" என்றார்.

வேல்ஸ் பாதையின் கதையும் லேசானதல்ல. 1923-ல் முழுமையாகத் திறந்து, 1936-ல் பயணிகள் சேவை நின்று, போர்க்காலத்தில் தண்டவாளமே பிடுங்கப்பட்டது. 1997-ல் தொடங்கி 2011 வரை துண்டு துண்டாக மறுபடி போட்டார்கள். 143 வந்து சேர்ந்ததும் 1997-ல்தான். முதலில் எண்ணெயில் ஓட்டினார்கள், பிறகு கரிக்கு மாற்றினார்கள். நல்ல காரியம், எண்ணெயில் ஓடியிருந்தால் அப்பா எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

நேரம் இருப்பவர்கள் போர்த்மாடாக்கில் எதிர்ப் பிளாட்பாரத்தையும் பார்க்க வேண்டும். ஃபெஸ்டினியாக் ரயில்வேயின் இரட்டை ஃபேர்லி எஞ்சின்கள் வந்து நிற்கும். அது காரட்டுக்கு முந்திய தலைமுறை. ஒரே பாய்லருக்கு இரு பக்கமும் புகைபோக்கி, நடுவில் ஃபயர்பாக்ஸ், அதன் ஒரு பக்கம் டிரைவர், மறுபக்கம் ஃபயர்மேன். இருதலை மணியன் பாம்பு மாதிரி. பார்க்க அதுதான் வசீகரம். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தொடை வேகும் என்று அப்பா ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். உலகின் முதல் காரட்டும், 1909-ல் டாஸ்மேனியாவுக்காகக் கட்டிய கே1, இந்த ரயில்வேக்குச் சொந்தமானதுதான். அதில் பின் தொகுதியின் சிலிண்டர்கள் ஓட்டுபவர் காலடியிலேயே இருந்தன. பிற்கால காரட்டுகளில் சிலிண்டரை வெளி நுனிக்கு நகர்த்தியது புத்தி.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். போர்த்மாடாக்கிலிருந்து கிளம்பினால் கணவாயில் ஆறு இடப்பக்கம் வரும். நான் வலப்பக்கம் இருக்கை எடுத்துவிட்டு, புகழ்பெற்ற அபர்கிளாஸ்லின் முழுவதும் ஈரப் பாறையைப் பார்த்துக்கொண்டு போனேன். தவறு என்னுடையது. பெத்கெலர்ட்டுக்குப் பிறகு வலப்பக்கத்தில் ஸ்நோடன் மலை தெரிந்திருக்க வேண்டும்; அன்று அங்கே மேகம் மட்டும் இருந்தது. எஞ்சினுக்காகப் போகிறவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சரி, முன் பெட்டியில் உட்காரவும். கரித்தூள் விழும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

பத்துக்கு எத்தனை என்று அப்பாவைக் கேட்டேன். வழுக்கியதற்கு ஒன்று கழித்தார். கொஞ்ச நேரம் யோசித்து, மழைக்கு எஞ்சின் என்ன செய்யும் என்று அதையும் திருப்பிக் கொடுத்தார்.

கேர்நார்வனில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எட்வர்ட் மன்னன் 1283-ல் கட்டத் தொடங்கியது, ஊரே அதற்காகத்தான் வருகிறது. அப்பா வரவில்லை. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டப் போகிறார்கள், எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள் இல்லாமல் பின்னோக்கி எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். கோட்டையை நான் தனியாக, அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஓடி வந்தேன்.