வீட்டுக் கல்விக்கு அனுமதிச் சான்று உண்டா? தருமபுரி ஆலோசனை மையம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ஐந்தாம் வகுப்பு முடித்த எங்கள் மகளை இனி வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று நானும் மனைவியும் சென்ற ஆண்டு முடிவெடுத்தபோது, அதற்குச் சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல பாலக்கோட்டில் எவரும் கிடைக்கவில்லை. தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகே, ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் ஒரு பெண் வழக்கறிஞரும் சேர்ந்து நடத்தும் கல்வி ஆலோசனை மையத்துக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம். ஒரு மணி நேர ஆலோசனைக்கு 800 ரூபாய் வாங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் மீண்டும் சென்றால் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அதற்கு முன்பே வேறோர் ஊரில் ஒரு முகவரிடம் ஏமாறும் நிலைக்குச் சென்று தப்பியிருந்தோம். "வீட்டுக் கல்வி அனுமதிச் சான்று" வாங்கித் தருவதாகவும், அரசு முத்திரையோடு வரும் என்றும், மொத்தம் 12,000 ரூபாய் ஆகும் என்றும் அவர் சொன்னார். முன்பணம் கொடுக்கும் கட்டத்தில் மனைவிதான் தடுத்தார். இதைத் தருமபுரி மையத்தில் சொன்னபோது, தலைமையாசிரியர் பென்சில் கோடுகள் நிறைந்த கல்வி உரிமைச் சட்டப் புத்தகத்தை எங்கள் பக்கம் நகர்த்தி, "அனுமதி வாங்கணும்னு இதுல எங்கயாவது எழுதியிருக்கா சார், காட்டுங்க பாப்போம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே கொடுத்த 800 ரூபாய் தகும் என்பது என் கணக்கு.

அன்று அவர்கள் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. அதன் 10-ஆம் பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அந்தச் சட்டத்தில் விதிக்கப்படவில்லை. "கட்டாயம்" என்ற சொல்லுக்கு 8-ஆம் பிரிவு தரும் விளக்கமும் அரசின் மீதுதான் பொறுப்பைச் சுமத்துகிறது. வீட்டுக் கல்வி என்ற சொல்லே சட்டத்தில் இல்லாததால், அதற்குப் பதிவோ, உரிமமோ, ஆண்டு ஆய்வோ கிடையாது. "சட்டபூர்வமா, இல்லையா" என்று நான் மூன்று முறை கேட்டேன். "தடை செய்யப்படல, அங்கீகரிக்கவும் படல" என்று வழக்கறிஞர் மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார். எரிச்சலாகத்தான் இருந்தது. நேர்மையான பதிலும் அதுதான் என்பது பிறகு புரிந்தது.

மையத்தின் உண்மையான மதிப்பு அடுத்த எச்சரிக்கையில் இருந்தது. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் எங்கள் வீட்டுக்கு அனுப்ப விரும்பின. செலவைப் பகிர்ந்துகொண்டு ஓர் ஆசிரியரை அமர்த்துவது திட்டம். அதைக் கேட்டதுமே வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவதற்கு 18-ஆம் பிரிவின் கீழ் ஒரு லட்சம் ரூபாய் வரையும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு என்றும், கட்டணம் வாங்கி, நேரம் வகுத்து, பல வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்தினால் அதைப் பள்ளி என்று ஓர் அதிகாரி கருத இடமுண்டு என்றும் சொன்னார். சொந்தக் குழந்தைக்குக் கற்பிக்கும்போது இல்லாத ஆபத்து, பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சேர்த்துக்கொண்டதும் வந்துவிடுகிறது. திட்டத்தை அன்றே கைவிட்டோம்.

தேர்வு வழிகளை அந்த வாரத்து நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தார். மாநிலப் பாடத்திட்டத்தில் 12½ வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்றால் 14½ வயதில் நேரடித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். இதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள் என்று அந்த வரியின் கீழ் இரட்டைக் கோடு போட்டார். மற்றொரு வழி, 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அங்கே 14 வயதில் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், முந்தைய பள்ளிச் சான்று தேவையில்லை, பாடங்களை ஐந்தாண்டுகளில் ஒவ்வொன்றாக முடிக்கலாம். பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியில் படிக்கவும் அங்கே இடமுண்டு. இதை நான் வீட்டுக்கு வந்து தேடித் தெரிந்துகொண்டேன். மையத்தில் ஆங்கிலவழி என்று வைத்துக்கொண்டே பேசினார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வீட்டுக் கல்வியால் எதை இழக்கிறோம் என்பதை நாங்களாகக் கேட்கும் வரை அவர்கள் சொல்லவில்லை. எங்கள் மகளை அரசுப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ப்பதும் எங்கள் யோசனையில் இருந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவ, பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எட்டாது. தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு அரசுப் பணி ஒதுக்கீட்டுக்குப் பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்ததற்கான சான்று வேண்டும். அபராதத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர்கள் இவற்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். குடும்பத்தின் முடிவை மாற்றக்கூடியவை இவைதான்.

அவர்கள் சொன்ன ஏற்பாடு மே மாதம் கைகொடுத்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளையின் பெயர், பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தின் பொதுத் தொகுப்பிலேயே நின்றுவிடும், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் யாராவது வீடு தேடி வருவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வட்டார வள மையத்திலிருந்து வந்த ஆசிரியையிடம் பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், வாரப் பாடத் திட்டம், மகளின் நோட்டுகள், அவர்கள் வரைவு செய்து கொடுத்த ஒரு பக்கக் கடிதம் எல்லாவற்றையும் கொடுத்தோம். அவர் நோட்டுகளைப் புரட்டி, பின்னக் கணக்கு ஒன்றைப் போடச் சொல்லிப் பார்த்தார். "மனசு மாறினா எப்ப வேணாலும் வாங்கம்மா, வயசுக்கேத்த வகுப்புல சேர்த்துக்குவோம்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சட்டத்தின் 4-ஆம் பிரிவில் உள்ளதுதான்.

மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே அழைத்தால் தலைமையாசிரியர் இறங்கி வருகிறார். ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு. பிறப்புச் சான்றையும் மாற்றுச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் இரண்டாம் முறையும் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.