எழுதிய லேசரே படமும் வரைந்தால்: லைட்ஸ்கிரைபா, லேபிள்ஃபிளாஷா?

அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய டிவிடி ரைட்டரும் பாதி தீர்ந்த டிஸ்க் டப்பாவும் கிடைத்தன. டிஸ்க்குகளின் மேல்பக்கம் டிக்காஷன் சிந்திக் காய்ந்ததுபோல் மங்கிய பழுப்பு. லைட்ஸ்கிரைப் டிஸ்க்! ஒரு காலத்தில் சாதா டிஸ்க்கைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, வீணாகிவிடுமே என்று பயந்து பயந்து பயன்படுத்தியவை.

டிஸ்க்கின் மேல்பக்கத்தில் லேசராலேயே லேபிள் வரையும் லைட்ஸ்கிரைப் எச்.பி. நிறுவனத்தின் சரக்கு, 2004இல் அறிவிக்கப்பட்டது. ரைட்டரில் சிடி எழுதுவதற்காக ஏற்கெனவே இருக்கும் 780 நானோமீட்டர் லேசரையே லேபிளுக்கும் பயன்படுத்துவதுதான் இதன் சாமர்த்தியம். டிஸ்க்கின் மேல்பக்கத்தில் ஒரு சாயப்பூச்சு இருக்கும். லேசர் பட்ட இடம் கருக்கும். 'செதுக்குதல்' என்று சொன்னாலும் உண்மையில் எதுவும் செதுக்கப்படுவதில்லை, நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். டேட்டாவை எழுதி முடித்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்து, குப்புறப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு 'டிஸ்க் இல்லை' என்ற செய்தியைப் பார்த்து முழித்தவர்களில் நானும் ஒருவன்.

2005இல் யமஹாவும் ஃபுஜிஃபிலிமும் சேர்ந்து, இதே வேலையைச் செய்யும் லேபிள்ஃபிளாஷைக் கொண்டுவந்தன. யமஹாவுக்கு இது புதிதல்ல. 2002இலேயே சிஆர்டபிள்யூ-எஃப்1 ரைட்டரில் 'டிஸ்க் டாட்டூ' என்று, டேட்டா பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் படம் வரையும் வசதியைக் கொடுத்திருந்தது. லேபிள்ஃபிளாஷ் டிவிடியின் 650 நானோமீட்டர் லேசரைப் பயன்படுத்துகிறது. சாயம் மேலே பூசப்படாமல் 0.6 மி.மீ. பிளாஸ்டிக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கும். கருநீலப் பளபளப்பில் படம் கண்ணாடிக்குள் மிதப்பதுபோல் தெரியும். பார்வைக்கு எது அழகு என்றால் கேள்வியே இல்லை, லேபிள்ஃபிளாஷ்தான். பக்கத்தில் வைத்தால் லைட்ஸ்கிரைப் ஜெராக்ஸ் எடுத்த போட்டோ மாதிரி இருக்கும்.

ஆனால் அழகை வைத்து என்ன செய்வது? லேபிள்ஃபிளாஷ் டிவிடிக்கு மட்டும்தான், சிடி கிடையாது. லைட்ஸ்கிரைப் இரண்டிலும் வந்தது, பல கம்பெனிகளின் பெயரில் வந்தது, கடையில் கேட்டால் கிடைத்தது. வழக்கமான டிவிடியின் டேட்டா பக்கத்துக் காலி இடத்திலும் வரையலாம் என்பது லேபிள்ஃபிளாஷின் தனி வசதி. படத்துக்கு இடம் வேண்டுமென்றால் டேட்டாவைக் குறைக்க வேண்டும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

வடிவமைப்பில் லைட்ஸ்கிரைபின் குணம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அது நடு ஓட்டையை ஒட்டி ஆரம்பித்து, வட்டம் வட்டமாக வெளியே நகரும். எனவே நேரத்தைத் தீர்மானிப்பது படம் எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான். பெயரும் தேதியும் உள்வட்டத்தில் அடங்கினால் சில நிமிடம்; ஓரத்தில் அலங்காரமாக ஒரு கோடு இழுத்தீர்களோ, இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டும். லேபிள் வடிவமைக்கும் நீரோ கவர் டிசைனர் மென்பொருளில் அழகாகத் தெரிந்த மெல்லிய சாம்பல் எழுத்து, டிஸ்க்கில் பழுப்போடு பழுப்பாகக் கரைந்துவிடும். தடித்த எழுத்து, அழுத்தமான கறுப்பு, முகம் என்றால் வெளிச்சமும் நிழலும் நன்றாகப் பிரிந்த போட்டோ: இவைதான் எடுபடும்.

நடு ஓட்டையைச் சுற்றி நுண்ணிய கோடுகள் கொண்ட ஒரு வளையம் இருக்கும், உற்றுப் பாருங்கள். டிஸ்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ரைட்டர் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அதனால் அதே படத்தை மறுபடி ஓட்டினால் இம்மி பிசகாமல் பழைய கோட்டின் மேலேயே விழும், கறுப்பு கூடும். முன்பு எழுதியதற்குப் பக்கத்தில் பிறகு ஒரு வரி சேர்க்கவும் செய்யலாம். எனக்கு லைட்ஸ்கிரைபில் பிடித்ததே இதுதான்.

பிடிக்காதது, மங்குவது. வெயில் படும் மேசையில் விட்டால் எழுத்து வெளிறிப்போகும். இருட்டான உறையில்தான் வைக்க வேண்டும்.

லேசரே வேண்டாம், கலர் வேண்டும் என்றால் வெள்ளை மேல்பக்கம் உள்ள டிஸ்க்கும், எப்சன் எல்805 போல டிஸ்க் தட்டு உள்ள இங்க்ஜெட் பிரிண்டரும் போதும். நூறு டிஸ்க் போடுகிறவருக்கு இதுதான் கட்டுப்படியாகும். ஈரக்கை பட்டால் மை இழுக்கும் என்பது ஒன்றுதான் குறை. காகித ஸ்டிக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் கோணலாக ஒட்டினால் டிஸ்க் ஆடும், சூட்டில் ஓரம் பெயரும், கார் ஸ்டீரியோவுக்குள் மாட்டிக்கொண்டால் டிஸ்க்கோடு ஸ்டீரியோவும் போச்சு. மார்க்கர் மோசமில்லை. ஆனால் சிடியின் மேல் பால்பாயின்ட் பேனா கூடாது. அதில் டேட்டா அடுக்குக்கு மேலே இருப்பது வெறும் மெல்லிய பூச்சு. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அவ்வளவு பயமில்லை.

அந்தப் பழைய ரைட்டர் இன்னும் ஓடுகிறது. நேற்று ஒரு டிஸ்க்கில் அம்மாவின் போட்டோவைப் போட்டேன். முதல் சுற்றில் கண் மட்டும் தெரிந்தது. இப்போது மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது.