22 வருஷம் ஓடின வால்வு, இன்னும் ஓடுது: டிடிகே சித்ரா ரிவ்யூ

எல்லாரும் போன் வாங்கி ஒரு வாரத்துல ரிவ்யூ போடறாங்க, நான் 22 வருஷம் கழிச்சு போடறேன். பொருள் என்னன்னா டிடிகே சித்ரா இதய வால்வு, அதாவது ரத்தம் ஒரே பக்கமா போக விடற செயற்கைக் கதவு, மைட்ரல் இடத்துல (இதயத்து இடது பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல) வச்சது. 2003ல ஆபரேஷன், அப்ப எனக்கு 26 வயசு. சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம். சின்ன வயசுல தொண்டை வலி, பின்னாடியே காய்ச்சல், முட்டி மூட்டெல்லாம் வீங்கி கெடந்தேன், கஷாயம் குடிச்சு சரியாயிருச்சுன்னு வீட்ல விட்டுட்டாங்க, அது இதய வால்வ கெடுக்கற ருமாட்டிக் காய்ச்சல்னு தெரியறப்போ வால்வு சுருங்கி பாதி மூடிப்போச்சு. கிணத்துல ரெண்டு வாளி தண்ணி எறச்சா மூச்சு வாங்கும், ராத்திரி படுக்க முடியாது, செவுத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குவேன்.

இப்ப எதுக்கு எழுதறேன்னா, எங்க தெருவுல ஒரு பையனுக்கு வால்வு மாத்தணும்னு சொல்லிருக்காங்க, அவங்க அம்மா வந்து “தம்பி, இது எத்தன வருஷம் தாங்கும்?”னு கேட்டாங்க. நானும் ஆபரேஷனுக்கு முன்னாடி இதே கேள்வியத்தான் கேட்டேன்.

கணக்க பாருங்க. நிமிஷத்துக்கு 72 துடிப்புன்னு வச்சா ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல, வருஷத்துக்கு மூணே முக்கா கோடி. 22 வருஷத்துல 80 கோடி தடவைக்கு மேல எனக்குள்ள ஒரு சின்ன தட்டு தொறந்து மூடிருக்கு. நம்ம வீட்டு கேட்டு கொண்டி வருஷத்துக்கு ஒருக்கா மாத்தறோம்!

வால்வு எப்படி இருக்கும்னா, ஒரு உலோக வளையம், நடுவுல சாயற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு, சுத்தி தையல் போட ஒரு பாலியஸ்டர் துணி. அவ்ளோதான். தட்டு மூலக்கூறு எடை ரொம்ப அதிகமான பாலிஎத்திலீன், செயற்கை மூட்டுல எல்லாம் போடற வகை. வளையம் கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம். தட்டு தொறந்து மூடும்போதே மெல்ல சுத்தவும் செய்யும், அதனால தேய்மானம் ஒரே எடத்துல விழாது. இத செஞ்சது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் இன்ஸ்டிட்யூட், இதய சர்ஜன் டாக்டர் வலியத்தானும் இன்ஜினியர் புவனேஷ்வர் டீமும். முதல் மாடலே சரியா வரல. நடுவுல ஒரு மாடல்ல செயற்கை நீலக்கல்லுல தட்டு செஞ்சு ஆட்டுக்கு வச்சு பாத்திருக்காங்க, தட்டு உடைஞ்சுருச்சு. நாலாவது மாடல்தான் ஜெயிச்சுது, 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் மனுஷனுக்கு வச்சாங்க. அப்புறம் டிடிகே கம்பெனி தயாரிச்சு வித்து, இப்ப ஒரு லட்சம் பேருக்கு மேல வச்சாச்சு. வலியத்தான் சார் 2024 ஜூலைல தவறிட்டாரு, அன்னிக்கு பேப்பர்ல படிச்சப்போ கை தானா நெஞ்சுக்கு போச்சு.

வெளிநாட்டு வால்வுன்னா ஒசத்தி, நம்மூருது மட்டம்னு அப்ப எங்க மாமா ஒருத்தர் ஆபரேஷனுக்கு மொத நாள் வரைக்கும் சண்டை போட்டாரு. விலையும் ரொம்ப கம்மி, அதனாலயே சந்தேகம் வேற. ஆனா வெளிநாட்டுலயே பியோர்க்-ஷைலின்னு ஒரு வால்வு இருந்துச்சு, அதுல கான்வெக்ஸோ கான்கேவ் மாடல் கிட்டத்தட்ட 86,000 பேருக்கு வச்சாங்க, அதுல தட்டை புடிச்சிருக்கற கம்பிய வெல்டிங் பண்ணி ஒட்டிருந்தாங்க, அந்த வெல்டிங் விட்டு கம்பி ஒடிஞ்சு தட்டு கழண்டு ஓடி நூத்துக்கணக்குல ஆளுங்க செத்தாங்க. 1986ல மார்க்கெட்ட விட்டு எடுத்தாங்க. சித்ராவுல வெல்டிங்கே கெடையாது, வளையமும் கம்பியும் ஒரே உலோகக் கட்டில இருந்து கடைஞ்சது. மாமாவுக்கு இத சொல்லத்தான் அப்ப எனக்கு தெரியல.

இன்னொரு வகை திசு வால்வு. மாட்டு இதயத்து மேல இருக்கற சவ்வு இல்லன்னா பன்னி வால்வு, அத குளூட்டரால்டிஹைடுல பதப்படுத்தி செய்யறாங்க. எங்க சித்திக்கு 63 வயசுல அயோட்டிக் வால்வுக்கு (இதயத்துலருந்து உடம்புக்கு ரத்தம் போற வாசல்ல இருக்கறது) இதத்தான் வச்சாங்க. மொத மூணு மாசம் மாத்திரை, அப்புறம் ரத்தம் இளக்கற மாத்திரையே இல்ல, கீரை சாப்பிடறாங்க, கோயில் கோயிலா சுத்தறாங்க, எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். பன்னெண்டு வருஷம் ஒரு குறையும் இல்ல. பதிமூணாவது வருஷம் எக்கோல (இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன்) சுண்ணாம்பு படிஞ்சு இதழ் வெறச்சுப்போச்சுன்னாங்க. திசு வால்வுக்கு பொதுவா 10, 15 வருஷம்தான், வயசானவங்களுக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும், சின்ன வயசுக்காரங்களுக்கு சீக்கிரமே சுண்ணாம்பு புடிச்சுக்கும், அதனாலதான் 26 வயசுல எனக்கு அத வைக்கல. சித்திக்கு மறுபடி நெஞ்ச தொறக்காம தொடை வழியா குழாய் விட்டு பழைய வால்வுக்குள்ளயே புதுசு வச்சாங்க, மூணாம் நாள் வீட்டுக்கு வந்து “ஏய் மகனே, உன் வால்வு இன்னும் பழசுதானா”ன்னு கேட்டாங்க. பில்லு பாத்து சித்தப்பாவுக்குத்தான் நெஞ்சு வலி வந்திருக்கணும்.

சரி, என் கதைக்கு வரேன். வால்வு தாங்கிருச்சு, ஆனா நான்தான் சரியா நடந்துக்கல. என்னோடது மாதிரி மெக்கானிக்கல் வால்வுன்னா ஆயுசு பூரா ரத்தம் உறையாம மாத்திரை, நான் அசிட்ராம் போடறேன். 2011ல கடவாப்பல் புடுங்க போனேன், பல் டாக்டர் அஞ்சு நாள் மாத்திரைய நிறுத்த சொன்னாரு. இதய டாக்டர்ட்ட கேக்கணும்னு எனக்கும் தோணல, அவரும் சொல்லல. பல்ல புடுங்கினதும் மச்சினி கல்யாணம், அந்த அலைச்சல்ல மாத்திரைய திரும்ப ஆரம்பிக்கவே மறந்துட்டேன், இன்னும் ஒரு வாரம் போச்சு. இந்த வால்வு மத்த உலோக வால்வு மாதிரி சத்தமா டிக் டிக்குன்னாது, அமைதியா ஒரு தட்டல்தான், ராத்திரி தலையணைல காத வச்சா கேக்கும். ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரி “என்னங்க, உங்க கடிகாரம் மங்கலா கேக்குது”ன்னா. மறுநாள் பாத்ரூம் போயிட்டு வரதுக்குள்ள மூச்சு முட்டுது. வால்வுல ரத்தக்கட்டி, தட்டு பாதிதான் தொறக்குது. ஐசியூல ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏத்தி கரைச்சாங்க. கட்டி கரையறப்போ துண்டு ஒடஞ்சு மூளைக்கு போனா பக்கவாதம்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் ஏத்தினாங்க. வீட்டுக்காரி அன்னிக்கு காத வைக்கலன்னா இந்த ரிவ்யூ இல்ல.

அதுக்கப்புறம் ஐஎன்ஆர் டெஸ்ட் மாசா மாசம், ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கறது, நம்பர் கூடுனா ரத்தம் ரொம்ப இளகிருச்சுன்னு அர்த்தம். எனக்கு சொல்லிருக்கறது 2.5ல இருந்து 3.5. இதுலயும் ஒரு கொடும, ஒரு லேப்ல 1.4 வந்துச்சு, பதறிப்போய் அன்னிக்கே வேற லேப்ல எடுத்தா 2.9. மொத ரிப்போர்ட்ட நம்பி டோஸ ஏத்திருந்தா ரத்தம் கக்கிருப்பேன். அதுலருந்து ஒரே லேப்தான், ஆள் மாறினாலும் லேப் மாறல. கீரை இந்த மாத்திரையோட வேலைய குறைக்கும், அதனால முருங்கக்கீரை சாப்பிடவே கூடாதுன்னு மொதல்ல பயமுறுத்தினாங்க, இப்ப உள்ள டாக்டர் சாப்பிடு, ஆனா வாரா வாரம் ஒரே அளவா சாப்பிடு, ஒரு வாரம் கட்டு கட்டா தின்னுட்டு மறுவாரம் விட்டுறாதன்னாரு. மெடிக்கல் அண்ணாச்சிட்ட முதுகு வலிக்கு மாத்திரை கேட்டா அவரே “ஒனக்கு டைக்ளோபினாக் தர மாட்டேன் போ”ன்னு வெரட்டுவாரு, என் மாத்திரையோட அந்த வலி மாத்திரை சேந்தா ரத்தப்போக்கு ஆகும், அவருக்கு ஒரு ஸ்டார் தனியா.

பொண்ணுங்களுக்குன்னா கணக்கு வேற. இந்த மாத்திரை கர்ப்பத்துல கொழந்தைய பாதிக்கும், அதனால கல்யாண வயசுல இருக்கறவங்க வால்வு எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட இத பேசிரணும். புதுசா வந்த டெஸ்ட்டே வேண்டாத மாத்திரைங்களுக்கு மாறலாமான்னு ஆசைப்பட்டு நானும் கேட்டேன், அதுல ஒண்ணான டாபிகாட்ரன மெக்கானிக்கல் வால்வுக்காரங்களுக்கு குடுத்து பாத்த ஆராய்ச்சிய கட்டி, ரத்தப்போக்கு ரெண்டும் கூடுனதால பாதியிலயே நிறுத்திட்டாங்களாம், டாக்டர் வேண்டாம்னு தலைய ஆட்டிட்டாரு.

போன மாசம் எக்கோ எடுத்தேன், தட்டு நல்லா ஆடுது, கசிவு இல்ல. அந்த அம்மாட்ட ரிப்போர்ட்ட காட்டினேன், பையனுக்கு 19 வயசு, சித்ராவே வைக்கறதா இருக்காங்க. ஒண்ணு மட்டும் கேட்டேன், காலைல ஆறு மணிக்கு மாத்திரைய யார் எடுத்துக் குடுப்பான்னு. பையன் போன பாத்துட்டே இருந்தான், அம்மாதான் “நான் குடுப்பேன்”னாங்க.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு வால்வு கார்டு குடுப்பாங்க, மாடல், சைஸு, சீரியல் நம்பரெல்லாம் அதுல இருக்கும். என்னோடது 2017 ஒக்கி புயல்ல கூரை ஓடு பறந்து, பீரோவுக்குள்ள மழைத்தண்ணி எறங்கி ஊறிப்போச்சு, நம்பர் பாதிதான் தெரியுது. போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.